பிடி அரிசிப் பணமும் பிரபுவின் காயினும்

ஆடி 2, வெள்ளி
காலையிலிருந்து தூறல். நின்றதும் காற்று. பழைய தங்கச் சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டுத் தூசி கொடித்துணி வரை. மறுபடி அலசல்.

மாலை நம் வீட்டில் கூடியவர்கள்: செல்வி அக்கா, பின் லைன் வீட்டு லட்சுமம்மா, மேரி, நான். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து வாசற்படியில். வேறு யாரும் இல்லை. தம்பி பிரபு வருவதாகச் சொன்னான், வரவில்லை.

பேசியது ஒன்றுதான். செ. அக்கா வீட்டுக்காரர் தனபால் அண்ணனுக்கு மூச்சு மெஷின். சுரங்க ஷாப்டில் இறங்கிய காலத்துத் தூசி, நுரையீரல் கல்லாகிவிட்டது. வீட்டிலேயே மெஷின் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள் கோலார் ஆஸ்பத்திரியில். ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வீட்டில் பழையது விலைக்கு இருக்கிறது. பிடி அரிசிப் பணம் இருந்தால் போதும்.

உலை வைக்குமுன் அம்மனுக்கு ஒரு பிடி அரிசி. மாதக் கடைசியில் எல்லார் அரிசியும் சேர்த்து விற்பது. ஆடிக்குக் கூழ், மிச்சம் லைனில் யாருக்கு ஆபத்தோ அவர்களுக்கு. கணக்கு என் பொறுப்பு. போன வருஷம் பிரபு, அந்தப் பணத்தை, பெங்களூரில் அவன் கம்பெனி விட்ட டிஜிட்டல் காயினில் போடச் சொன்னான். போட்டோம். லட்சுமம்மா போனுக்கே குங்குமம் வைத்தாள். மேரி சிலுவை போட்டாள்.

இன்று விற்கப் பார்த்தால் வாங்க ஆளில்லை. போனில் எண் மட்டும் பெரிதாக நிற்கிறது.

செ. அக்கா சத்தம் போடவில்லை. "அம்மன் காசு எங்கயும் போவாது, வுடு" என்றாள். அதுதான் தாங்கவில்லை.

ஆடி 3, சனி
தோசைக்கு ஊற வைத்தது. விளக்குத் திரி தீர்ந்தது.

பிரபு போனை எடுத்தான். விற்காதே, இன்னும் ஏறும் என்றான்.
"ஏறட்டும்டா. அத்த வச்சு இன்னா வாங்கலாம்?"
"இப்போதைக்கு ஒண்ணும் இல்லக்கா. ஜனங்க வாங்க வாங்க ஏறும்."
"ஒண்ணுத்துக்கும் ஆவாதத ஜனங்க இன்னாத்துக்கு வாங்குவாங்க?"
"ஏறும்னுதான்."
மீட்டிங் என்று வைத்துவிட்டான்.

ஆடி 5, திங்கள்
பஜார். உளுந்து, கற்பூரம், திரி, த. அண்ணனுக்கு இருமல் மருந்து. போன இடமெல்லாம் போனை நீட்டிக் கேட்டேன், இந்தக் காயின் எடுப்பீர்களா என்று. மருந்துக் கடைப் பையன் கன்னடத்தில் யாரிடமோ சொல்லிச் சிரித்தான். மளிகைக்காரர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, உளுந்து எவ்வளவு என்றார்.

பூக்காரி மட்டும் பொறுமையாகக் கேட்டாள். "சரிக்கா, நான் வாங்கிக்கறேன். சாயங்காலம் இத்த குடுத்து எனக்குத் தக்காளி குடுப்பானா?"
குடுக்க மாட்டான் என்றேன்.
"அப்ப அது உன் போன்லயே கெடக்கட்டும்." அம்மனுக்கென்று ஒரு முழம் சும்மா வெட்டிக் கொடுத்தாள்.

அரிசி விலை விழுந்தால் ஆக்கித் தின்னலாம். இது விழுந்தால்? போனஸ் போனஸ் என்று மாதாமாதம் எண்ணிக்கை கூடியது, நானும் கூட்டிக் கூட்டி எழுதினேன். கூடியதைப் பார்த்தேன். வேகுமா என்று பார்க்கவில்லை. பிரபுவைத் திட்டவும் வாய் வரவில்லை. அவன் பணமும் அதில்தான்.

ஆடி 8, வியாழன்
என் கம்மல் அடகுக்குப் போனது. அவரிடம் சொல்லிவிட்டேன். தலையாட்டினார், அவ்வளவுதான். காதில் துடைப்பக்குச்சி. மெஷின் நாளைக் காலை, மேரி மகன் ஆட்டோவில்.

சொல்லப் போனேன். த. அண்ணன் தலையணையில் சாய்ந்தபடி. "இன்னாம்மா, உன் தம்பி காத்தையும் போன்லயே அனுப்புவானா?" சிரித்தார். சிரிப்பு இருமலானது. செ. அக்கா முதுகை நீவிக்கொண்டே இருந்தாள். இருமல் நின்ற பிறகும்.

அம்மா தாயே, ஒரு ராத்திரி.

ஆடி 9, வெள்ளி
தூறல் இல்லை. விடிவதற்குள் அண்ணன் போய்விட்டார்.

ஆட்டோ வந்தது. மெஷினை இறக்காமல் திருப்பி அனுப்பினோம். இந்த வருஷம் லைனில் கூழ் இல்லை. உலை வைக்கவில்லை, பிடி எடுக்கவில்லை.

செ. அக்கா அழுகைக்கு நடுவே என் கையைப் பிடித்தாள். "பிரபுக்குச் சொல்லிட்டியா? அவன் வராம எப்டி எடுக்கறது." கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவன் முதல் வேலைக்குப் போனபோது ரயில் பாஸ் எடுத்துக் கொடுத்தவர் அண்ணன்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. அனுப்பியது:

பிரபு, தனபால் அண்ணன் போய்விட்டார். மெஷின் இனி வேண்டாம். காயினைப் பற்றி இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். இன்று சாயங்காலம் எடுக்கிறோம், செல்வி அக்கா உனக்காக நிறுத்தி வைக்கச் சொல்கிறாள். வருவாயா, மாட்டாயா? சீக்கிரம் பதில் போடு.