கிறவல் போட்ட மைதானம்

யூலை 6, திங்கள்
கச்சான் காற்று. விடிந்ததுமே வாய் காய்ந்தது. புது மைதானம் இன்று எங்கள் கையில். மணலாகக் கிடந்த இடத்தில் வாய்க்கால் வெட்டிய களிமண்ணும் கிறவல் சரளையும் கொட்டி, நனைத்து, ஊரார் எருமை விட்டு மிதித்திருக்கிறார்கள். நெற்கதிர் போட்டுச் சூடு மிதிக்கக் களம் போடுகிற அதே மாதிரி. இவர்களுக்குத் தெரிந்த வழி அதுதானே. வாப்பாவின் வண்டிலிலும் மண் வந்தது. குதிகாலால் தட்டிப் பார்த்தார். "ஒரு மணி நெல்லும் உள்ளுக்குப் போகாது மகன்." போகாதுதான்.

இந்த மைதானத்தைக் கேட்டது நான். போன வருடம் மட்டக்களப்பில் இருந்து வந்த டீம், "நண்டு பிடிக்கிற இடத்தில பந்தடிக்கச் சொல்றானுகள்" என்று சிரித்தது. கப்டன் அல்லவா, ரோசம் வந்து பாடசாலை அதிபரிடம் போய் நின்றேன். அன்றைக்கு அவர்கள் மணலில் கால் புதைந்து, மூச்சு வாங்கி, நாலு கோலுக்குத் தோற்றுப் போனார்கள். கேட்கும்போது அது மறந்து போயிற்று எனக்கு.

யூலை 7, செவ்வாய்
முதல் பயிற்சி. பந்து நன்றாகத் துள்ளுகிறது, எல்லோருக்கும் சந்தோசம். நடுவில் ஆடுகிற யோசேப்பு இடது மூலைக்கு ஒன்று அடித்தான். கோலுக்கு நின்ற என் கை போனது, உடம்பு போகவில்லை. நின்றே விட்டேன்.
"வெளிய போகும் எண்டு நினைச்ச" என்றேன்.
"உள்ளுக்குத்தானேடா வந்த?"
பிறகு இன்னும் இரண்டு. அதற்கும் நிற்கிறேன்.

யூலை 8, புதன்
விடியச் சுபஹ் தொழுதுவிட்டுத் தனியாக மைதானத்துக்கு. விழ வேண்டும், அவ்வளவுதான். முழங்காலை மடித்து, கையை ஊன்றி, மெல்லப் படுத்தேன். காய்ச்சல்காரன் பாயில் படுப்பது போல. அது பாய்வதா? எழுந்து கடற்கரைக்குப் போனேன். அங்கே மணலில் இடமும் வலமும் நன்றாகப் பாய்கிறேன். ஒரு பயமும் இல்லை. அழுகை வந்தது.
உம்மா: "தலையெல்லாம் மண்ணு. தொழப் பள்ளிக்கா போன நீ?"

யூலை 10, வெள்ளி
ஜும்ஆவுக்குப் பிறகு கல்முனைக் கடையில் பிளேன்டி குடித்தேன். கடைக்காரர் காசு வாங்கவில்லை. "கோலுக்கு நீ நிக்கக்குள்ள நமக்கென்ன பயம்?"

இந்த வருட நிலவரம், எனக்கு மட்டும்:
முன்வரிசை - வேகம் போதாது.
வலப்பக்கம் - இருவர் வேளாண்மைக் காவலுக்குப் போய்விட்டார்கள். வருவது சந்தேகம்.
நடு - யோசேப்பு. அவன் மட்டும்.
கோல் - நான்.
கடைசி வரியை எழுதும்போது கை கூசியது. வீட்டு மைதானம் என்று பெயர். எனக்குத்தான் அது அந்நியமாகக் கிடக்கிறது.

யூலை 13, திங்கள்
காற்று குறையவில்லை. மைதானம் வெடிப்பு விட்டுக் கிறவல் மேலே வந்துவிட்டது. ஹனிபாவையும் கோலுக்கு நிறுத்தினார் பயிற்சி தருகிற டேவிட் சேர். வரிப்பத்தான்சேனைப் பொடியன், பாடசாலைப் போடிங்கில் தங்கிப் படிக்கிறான். பந்து பிடிக்கத் தெரியாது, பாதி கைநழுவிப் போகிறது. ஆனால் விழுகிறான். முழங்கை தோலுரிந்து இரத்தம். துப்பலைத் தடவிக்கொண்டு திரும்பவும் நிற்கிறான்.
"நோகல்லயா?"
"நோகும்தான். அதுக்கென்ன?"
இரவெல்லாம் அவன்மேல் எரிச்சல். அவன் என்ன செய்தான்?

யூலை 15, புதன்
சனிக்கிழமை மட்டக்களப்பு டீம் வருகிறது. இது என் கடைசி வருடம். வாப்பா இதுவரை என் ஆட்டம் ஒன்றும் பார்த்ததில்லை, பந்தடிக்கிறது வேலையில்லாதவன் வேலை என்பார். இப்போது மாமாவையும் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம். "நம்மட மண்ணில விளையாடுறான்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.


யூலை 16, வியாழன்
பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு சேர் கூப்பிட்டார். கோபமில்லை, அதுதான் கஷ்டம்.
"ஒரு கிழமையாப் பார்க்கிறன், நீ விழுறாய் இல்ல. எங்கயும் நோவா தம்பி? இருந்தாச் சொல்லு, ஹனிபாவப் போடுவம். உன்னில பிழை சொல்ல மாட்டாங்க."
அவரே வழி திறந்து விட்டார்.
"ஓம் சேர். முழங்கால்."
சேர் எனக்கு முன்னால் குந்தினார். "எந்தக் கால்?"
 குனிந்து பார்த்தேன். இரண்டு முழங்காலிலும் ஒரு கீறல் இல்லை.