அம்புக்குறி இழுத்த வியாழக்கிழமை

5 பெப்ரவரி 2025, புதன்

இல்ல ஜெமீலா, நீ சொல்றது பிழை. உன்ட தங்கச்சி றஹ்மாவை நான் அழவைக்கல்ல. தண்ணிக் கந்தோர் ஐயா மாதிரிக் குரலை மாத்தி, மூணு நாளைக்கு உங்கட றோட்டுக்குத் தண்ணி வராது எண்டு போனில சொன்னனான். அவ்வளவுதான். சட்டி, வாளி, மீன் கழுவுற பேசன் வரைக்கும் அவ தண்ணி நிரப்பி வைச்சா அதுக்கு நானா பொறுப்பு? இதுக்கெல்லாம் புருசனை விட்டுட்டுப் பேக்கைத் தூக்கிக்கொண்டு கிண்ணியாவுக்கு அவட வீட்டுக்குப் போறதா?

போகும்போது கேற்றில் நின்று ஒன்று சொன்னாய். "உங்கட பகிடி ஒரு நாளைக்கு யாருக்காவது வயித்தில அடிக்கும், பாருங்க." நான் பதில் சொல்ல முதலே ஓட்டோ வெளிக்கிட்டுவிட்டது. அதனால்தான் இதில் எழுதுகிறேன்.

இந்த டயறி மகள் பஸ்மியாவுக்குக் கம்பனி கொடுத்தது. அவளுக்கு வேண்டாமாம், எல்லாம் போனில் இருக்காம். மட்டையில் தங்க எழுத்தில் கம்பனிப் பேர், ஒவ்வொரு பக்கத்திலும் அச்சடித்த திகதி. உள்ளே ஐந்தாம் வகுப்போடு நின்றவனின் கோழிக் கிறுக்கல்.

6 பெப்ரவரி, வியாழன்

இன்று சிரித்த மாதிரி, துறைமுக ஜெட்டி வேலையை விட்டு வந்த பிறகு நான் சிரிக்கவில்லை.

என் மகளுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்டால், "அடுத்தவன் வீட்டுக்குள்ள பூருற வேலை" என்பேன். அவளுக்குக் கோபம் வரும். ஆனால் உண்மை அதுதானே. கம்பனி மேலே ஓர்ஸ் ஹில்லில் இருக்கிறது, அவள் இங்கே எங்கள் முன்னறையில் கதிரை போட்டு இருக்கிறாள். கம்பனி செய்த சாமானைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால், எங்கேயோ இருக்கிற இன்னொரு கம்ப்யூட்டர் இவள் கண்ணுக்கு முன்னால் திறக்கும். இவள் அமத்தினால் அங்கே நடக்கும். இன்று திறந்திருந்தது புல்மோட்டையில், மீன் வைக்கிற குளிர் அறையின் கம்ப்யூட்டர்.

மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. எழும்பிப் போகும்போது கீபோட்டில் இரண்டு கட்டையை அமத்தித் திரையைப் பூட்டிவிட்டுத்தான் போவாள். இன்று மறந்துவிட்டாள். தலைப்பு மட்டும் மேய்ந்துகொண்டிருந்த பேப்பரை வைத்துவிட்டுப் பார்த்தேன். திரையில் இருந்த வெள்ளை அம்புக்குறி தானாக நடந்தது. ஒருத்தரும் தொடவில்லை. மயிர் நட்டுக்கொண்டது. பிறகுதான் விளங்கியது, அந்தப் பக்கம் யாரோ மனுசன் இருந்து நகர்த்துகிறான் என்று.

மவுஸ் என்கிற அந்த எலியில் கையை வைத்து இந்தப் பக்கம் இழுத்தேன். அவன் அந்தப் பக்கம் இழுத்தான். நான் இழுத்தேன். முப்பது வருசம் கப்பல் கயிறு பிடித்த கை இது, விடுமா? அவன் ஒரு வெள்ளைப் பெட்டியைத் திறந்து தமிழில் எழுதினான். "விடுங்க மிஸ்" என்ற முதல் இரண்டு சொல்லை வாசித்தேன். எழுத்துச் சின்னது, மிச்சம் பிடிபடவில்லை. கண்ணாடி பிரிட்ஜுக்கு மேல். மிஸ்! தாடி நரைத்த மிஸ். சிரிப்பு மகளுக்குக் கேட்கக்கூடாது என்று சாரத்துத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டேன்.

கடைசியில் வென்றது நான். அம்பை மூலைக்குக் கொண்டுபோய் நன்றாக ஒரு அமத்து. ஏதோ ஒரு சின்னப் பெட்டி மூடிக்கொண்டது. மகளின் கால் சத்தம் கேட்டது, திரும்பவும் பேப்பர் வாசித்தேன். தலைகீழாகப் பிடித்திருந்தேனாம். "என்ன வாப்பா, செய்தி எல்லாம் கவிண்டு கிடக்கா?" என்று கேட்டுவிட்டு வேலையை முடித்து மூடினாள்.

7 பெப்ரவரி, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போய் வந்தேன். ஜெமீலா போன் எடுக்கவில்லை. இந்த மிஸ் கதையைக் கேட்டால் சிரித்திருப்பாள்.

8 பெப்ரவரி, சனி

காலையில் மகளுக்குப் போன் வந்தது. சாப்பிடப் பாண் துண்டைப் பிய்த்த கை அப்படியே நின்றது. அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

துண்டு துண்டாகத்தான் சொன்னாள். வியாழன் அவள் புதுச் சாமான் போடுவதற்காகக் குளிரை அரை மணித்தியாலம் நிறுத்தியிருந்தார்களாம். திரும்பப் போடவேண்டியது அங்கே வேலை செய்கிற லாபிர் என்ற ஆள். அவனும் அமத்தினானாம், ஆனால் அந்த அமத்தல் மெசினுக்குப் போய்ச் சேரவே இல்லை. கம்ப்யூட்டரையும் மெசினையும் தொடுக்கிற பெட்டியை யாரோ மூடியிருக்கிறார்கள். வெள்ளி புல்மோட்டையில் ஜும்ஆ லீவு, ஒருத்தரும் அறையைத் திறக்கவில்லை. இன்று விடியத் திறந்தால் பதினொரு வள்ளத்து மீன். பாரை, சூரை எல்லாம் நாறிப்போய்க் கிடந்ததாம்.

லாபிர் சொல்கிறானாம், தன்ட கையில இருந்து அம்பை யாரோ பறிச்செடுத்தாங்க எண்டு. "விடுங்க மிஸ், குளிர் போடவேணும்" எண்டு எழுதியும் காட்டினானாம்.

குளிர் போடவேணும்.

அதுதான் நான் வாசிக்காமல் விட்ட மிச்சம்.

யார் இழுத்ததாம் என்று கேட்டேன்.  "நான்தானாம் வாப்பா. நான் உள்ளுக்குத் தொழுதுகொண்டு நிண்டனான், நானா இழுப்பன்?" திரையைப் பூட்டாமல் எழும்பினால் கம்பனியில் வேலை இல்லை, அது முதல் நாளே சொல்லிப்போட்டுத்தான் எடுப்பார்களாம். அதனால் கதிரையை விட்டு எழும்பவே இல்லை என்று சொல்லிவிட்டாளாம்.

என்ட ரப்பே. நான் என்ன செஞ்சிட்டன்.

10 பெப்ரவரி, திங்கள்

மதிலுக்கு அங்கால் சோமசேகரம் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "என்ன பக்கீர் நானா, ரெண்டு நாளாச் சத்தமில்ல, பகிடியெல்லாம் கிண்ணியாவுக்குப் போட்டுதோ?" பல்வலி என்றேன். எந்தப் பல் என்று கேட்டார். இருக்கிறதே நாலு.

முன்னறைக்குள் போக ஏலாமல் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் என்னைப் பார்க்கிற மாதிரி. மகள் குளிக்கப் போன நேரம் அதன்மேல் துவாய் போட்டு மூடினேன். வந்து எடுத்துவிட்டு, "சூடாகும் வாப்பா" என்றாள். அந்தச் சொல்லுக்கே எனக்கு வியர்த்தது.

11 பெப்ரவரி, செவ்வாய்

கேற் தட்டும் சத்தம் கேட்டுக் குசினிக்குள் ஒளிந்தேன். மீன்காரன்.

13 பெப்ரவரி, வியாழன்

மேலே கம்பனியில் விசாரணை. மகள் போய் வந்து செருப்பைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள்.

மெசின் எழுதி வைத்திருக்கிறதாம். யார் எத்தனை மணிக்குப் புகுந்தது, எத்தனை மணிக்கு வெளியேறியது எல்லாம். அம்பை இழுத்தது எந்தக் கை என்று எழுதுவதில்லை. அந்த வெள்ளைப் பெட்டியை லாபிர் சேமிக்காமல் மூடியபடியால் அவன் எழுதினதற்கு ஒரு அடையாளமும் இல்லை. ஆகவே அவன் பொய்யன். நித்திரை கொண்டுவிட்டு ஒரு பொம்பிளைப் பிள்ளைமேல் பழி போடுகிறான் என்று முடிவெடுத்தார்கள்; குளிர் அறைக்காரர் அவனை வேலையால் நிறுத்திவிட்டார்கள். வள்ளக்காரர் அவன் வீட்டு வாசலில் போய் நிற்கிறார்களாம். அவன் தொழப் பள்ளிவாசலுக்கும் போவதில்லையாம்.

"சத்தியம் பண்ணிக்கொண்டு பொய் சொல்றான் வாப்பா. மிஸ் பகிடி விட்டாங்க எண்டு நினைச்சானாம்." மகள் அருவருப்போடு சொன்னாள்.

அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அது உண்மை என்று தெரிந்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்தன். வாயைத் திறந்தால் இவளுடைய வேலை போகும், சொன்ன பொய்யும் வெளியே வரும். திறக்காவிட்டால் அவன்? அவன் முகம்கூட எனக்குத் தெரியாது. கை மட்டும்தான் தெரியும். நல்ல பிடி. வேலைக்காக இழுத்திருக்கிறான். நான் விளையாட்டுக்கு.

15 பெப்ரவரி, சனி

ஜெமீலா கடைசியாகப் போன் எடுத்தாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன்.  முடிந்ததும், "இதுவும் பகிடியா? றஹ்மா பக்கத்தில இருக்கா எண்டு தெரிஞ்சுதானே இந்தக் கதை? உங்களுக்கு வெக்கமே இல்லையா?" என்று போனை வைத்துவிட்டாள்.

திரும்ப எடுத்தேன். போனை நிறுத்தி வைத்திருந்தாள்.

நாற்பத்திமூன்று வருசம் அவளுக்குப் பகிடி விட்டேன். உண்மை சொல்கிற குரல் எனக்கு எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

16 பெப்ரவரி, ஞாயிறு

சொல்லவேணும். நாளைக்கு.

17 பெப்ரவரி, திங்கள்

சொன்னேன். பாதி.

லுஹர் தொழுதுவிட்டு வந்து அவள் கதிரையில் இருக்கும்போது கேட்டேன். "மகள், அண்டைக்கு நீ தொழப் போன நேரம் இந்தக் கதிரையில யார் இருந்த?" நான் பகிடிக்கு வருகிறேன் என்று நினைத்து, கட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நான்தான் இருந்தேன் என்றேன். விரல் நின்றது. அம்பு நடந்ததைச் சொன்னேன், இழுத்ததைச் சொன்னேன், மூலையில் அமத்தினதைச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எங்கேயாவது ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று கன நேரம் தேடினாள். இருக்கவில்லை.

"வாப்பா, அந்த ஆளை நான் எல்லாருக்கும் முன்னால பொய்யன் எண்டனான்."

ஓம் மகள், இன்னும் ஒண்டு இருக்கு, அவன் எழுதினதை நான் — என்று தொடங்கினேன். அவள் எழும்பிவிட்டாள். இரண்டு கட்டையை அமத்தினாள், திரை கறுத்தது. அபாயாவைப் போட்டாள். நான் கதைத்துக்கொண்டே பின்னால் போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கேற் சாத்தின சத்தம். ஜன்னலால் பார்த்தேன், கம்பனிப் பக்கம் மேட்டில் ஏறுகிறாள். பையும் இல்லை, குடையும் இல்லை.

தான் பூட்டாமல் போனதை அவள் சொல்லுவாள். வாப்பா தொட்டதையும் சொல்லுவாள். ஆனால் லாபிர் எழுதினான் என்பதை அவளால் சொல்ல ஏலாது. அவள் அதைக் காணவில்லை. கண்டது நான்.

ஆறாம் திகதிப் பக்கத்தைத் திரும்ப வாசித்தேன். கண்ணாடி போட்டு. "விடுங்க மிஸ்" என்று என் கோழிக் கிறுக்கலில் இருக்கிறது, ஒருத்தருக்கும் ஒன்றும் தெரிய முதல், கம்பனியே அச்சடித்த திகதிக்குக் கீழே. அதற்கு அடுத்த வரியில் நான் சிரித்ததும் இருக்கிறது. கம்பனிக்காரர் அதையும் வாசிக்கட்டும்.

 சேட்டுப் பொத்தான் பிழையாப் பூட்டிட்டன், இனிக் கழட்ட நேரமில்ல. மகள் வளைவு தாண்டியிருப்பா. டயறியை மூடிக் கையில எடுத்துக்கொண்டு நானும் கம்பனிக்கு வெளிக்கிடுறன்.