செம்புத் தண்ணீர்

1944 ஆகஸ்டு 20, ஞாயிறு

இன்று காலை வேண்டுமென்றே தண்ணீர் குடித்தேன்.

நடுச்சாமத்துக்குப் பிறகு ஒரு சொட்டு தொண்டையில் இறங்கினாலும் அன்றைய பூசையில் நன்மை அப்பம் வாங்கக்கூடாது. திருச்சபைக் கட்டளை. அது இன்று எனக்கு வசதியாகப் போயிற்று. எல்லோரும் பீடத்தண்டை போனபோது நான் மட்டும் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் நன்மை வாங்கி வந்து, கண்ணை மூடி ஜெபித்து, கண்ணைத் திறந்ததும் என்னைத்தான் பார்த்தார்.

வெளியே வந்ததும், "என்ன ஆச்சு சலேத்?" என்றார்.

"மறந்துபோய்த் தண்ணி குடிச்சிட்டேன்."

"நீயா மறந்தே? உலகம் அழியப்போகுது!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பாவி.

ஆகஸ்டு 21

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்ல முடியவில்லை, இங்கேயாவது.

போன வியாழன் குப்பத்து ஜெசிந்தாவுக்குப் பிரசவம். எங்கள் வாசலில் மீன் கூடையை இறக்குகிறவள். தலைப்பிள்ளை. கழுத்தில் கொடி சுற்றி, நீலம் பாரித்து வந்தது. வெந்நீரிலும் பச்சைத் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கினேன். முதுகைத் தேய்த்தேன். வாயோடு வாய் வைத்து ஊதினேன். நெஞ்சில் காதை வைத்தால் ஏதோ மெல்லக் கேட்டது. அந்த நிமிஷமே ஞானஸ்நானம் கொடுத்திருக்க வேண்டும். சாகக் கிடக்கிற குழந்தைக்குச் சுவாமியார்தான் வர வேண்டும் என்பதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றி வார்த்தைகளைச் சொல்லலாம். எனக்குப் பிரசவம் பார்க்கப் பழக்கிய கன்னியாஸ்திரீகள் மற்ற எதற்கும் முன்னால் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். நான் ஊதிக்கொண்டே இருந்தேன். பிழைக்கவைத்துவிடுவேன் என்ற திமிர்.

பாயிலிருந்து ஜெசிந்தா கேட்டாள்: "நர்ஸம்மா, தண்ணி ஊத்திட்டியா? ஞானஸ்தானம் ஆச்சா?"

"ஆச்சு" என்றேன்.

ஏன் சொன்னேன்? தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. செம்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அப்போதாவது எடுத்து ஊற்றியிருக்கலாம். ஆனால் அவள் தலையைத் தூக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆச்சு என்றவள் இப்போது எதற்கு ஊற்றுகிறாள் என்று கேட்டுவிட்டால்? என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு கையைக் கட்டிப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சில் காதை வைத்தும் ஒன்றும் கேட்கவில்லை.

என் வார்த்தையை நம்பிச் சுவாமியார் மந்திரித்த மண்ணில் அடக்கம் செய்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, சுவரோரம், முட்செடிகளுக்கு நடுவில்தான் அந்தப் பிள்ளைக்கு இடம். மண்ணை ஏமாற்றிவிட்டேன். மோட்சத்தை ஏமாற்ற முடியுமா? ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை அங்கே நுழையாது என்று படித்துத்தானே வளர்ந்தேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

காப்பி குடித்துவிட்டுப் பூசைக்குப் போனேன். சர்க்கரை கிடைக்காத யுத்த காலத்தில், கருப்பட்டி போட்டு. அவர் இப்போது சிரிப்பதில்லை, கேட்பதுமில்லை.

நவம்பர் 2

இறந்தவர்களின் திருநாள். கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவத்தி. போகாமல் இருந்திருக்கலாம். என் மாமியார் கல்லறைக்குப் பூ வைக்க வேண்டும் என்று அவர் கூப்பிட்டார், போனேன்.

ஜெசிந்தா தன் பிள்ளையின் குழியருகே குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். கடற்காற்று வத்தியை அணைத்துக்கொண்டே இருந்தது. உடைந்த சட்டி ஒன்றை மறைப்பாக வைத்து மறுபடியும் ஏற்றினாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வா நர்ஸம்மா. பாத்தியா, எம்புள்ளைக்கு எவ்ளோ பெரிய வத்தி! நேரா சாமி மடியில கீறான். ஊட்டுக்காரரு கட்டுமரம் ஏறும்போதெல்லாம் அவங்கிட்டதான் வேண்டிக்கிறேன். உனக்கும் சேத்துதான். உன் கையால தண்ணி ஊத்துனதாலதானே!"

என் வலது கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன். சர்வேசுரா, அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறான்? உன்னைக் கேட்கவே எனக்கு வாய் கூசுகிறது. உன்னை விட்டால் யாரைப் போய்க் கேட்பேன்?

1945 பெப்ரவரி 14

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டேன். தண்ணீர் குடித்தவளும் அதை வாங்கலாம்.

மார்ச் 24, சனி

ஆண்டவர் உயிர்த்த பாஸ்குக் காலத்தில் சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்கியே ஆக வேண்டும். இனிமேல் காப்பி உதவாது. சாந்தோம் சுவாமியாருக்கு என் குரல் தெரியும் என்று லஸ் கோயிலுக்கு நடந்தேன். அங்கே இருந்த சுவாமியார் கிழவர், காது மந்தம். "என்னம்மா? உரக்கச் சொல்லு!" என்று மூன்று தரம் கேட்டார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் இரண்டடி தள்ளிப் போனார்கள். எனக்கு நன்றாக வேண்டும்.

எல்லாவற்றையும் சொன்னேன். பொய் மட்டுமில்லை, பொய்க்குப் பிறகு செம்பைத் தொடாமல் இருந்ததையும். அதுதான் பெரிய பாவம்.

"ஞாயிற்றுக்கிழமைகளில்?"

"தண்ணி குடிச்சிட்டுப் போவேன் சுவாமி. இந்த மனசோட நன்மை வாங்கப் பயம்."

"பொய்க்கும் மன்னிப்பு உண்டு, கோழைத்தனத்துக்கும் உண்டு. செய்த பாவத்துக்கு மனஸ்தாபப்படு."

"அந்தப் பிள்ளை, சுவாமி?"

அவர் திரைக்கு அருகே குனிந்தார்.

"தண்ணீர் ஊற்று என்பது நமக்கு இட்ட கட்டளை. நீ மீறினாய். ஆனால் சர்வேசுரனுக்கு யாரம்மா கட்டளை போட்டது? உன் செம்பு வந்தால்தான் ஆச்சு என்று காத்துக்கொண்டா இருப்பார்? அவருக்குப் பயப்படுகிறாய், சரி. கொஞ்சம் மரியாதையும் கொடு."

அபராதம், ஜெபமாலை உருட்டி ஐம்பத்துமூன்று மணி ஜெபம். எழுந்திருக்கும்போது, "மன்னிப்பு வாங்கியாச்சு என்று அந்தத் தாயை மறந்துவிடாதே" என்றார். அதையும் உரக்கத்தான் சொன்னார்.

திரும்பும் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். இத்தனை மாதமாகச் சர்வேசுரனைக் கணக்குப் பார்க்கிற குமாஸ்தாவாகவே நினைத்திருக்கிறேன். என்னைவிட அவருக்கு அந்தப் பிள்ளைமேல் ஆசை குறைவாகவா இருக்கும்?

ஏப்ரல் 1, பாஸ்கு

நன்மை வாங்கினேன். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் அவரே அடுப்பு மூட்டி எனக்குக் காப்பி போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷர்.

ஜெசிந்தா எனக்கு மூன்று வரிசை முன்னால் இருந்தாள்.

ஏப்ரல் 14

சொல்லிவிட்டேன்.

கூடையை இறக்கி வைத்து, ஒரு நாளுமில்லாத வெட்கத்தோடு, "முழுகாம கீறேன் நர்ஸம்மா. இந்த தபாவும் உன் கையிலதான்" என்றாள். இதற்குமேல் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது? நின்றபடியே சொன்னேன். தண்ணீர் ஊற்றவில்லை, ஆச்சு என்று பொய் சொன்னேன் என்று.

"சும்மா சொல்ற."

"இல்ல ஜெசிந்தா."

ஒரு வஞ்சிரத்தின் மேல் ஈ உட்கார்ந்தது. அவள் ஓட்டவில்லை.

"அப்போ எம்புள்ள எங்க கீறான்?"

"சர்வேசுரன் கையிலதான் இருக்கான். நம்புறேன்."

"நம்புறியா? ஆச்சுன்னு சொன்ன வாய்தானே அது!"

கூடையைத் தலைக்கு ஏற்றிவிடக் கை நீட்டினேன். எப்போதும் நான்தான் ஏற்றிவிடுவேன். என் கையைத் தட்டிவிட்டுத் தானே தூக்கிக்கொண்டு போனாள். அந்த உடம்போடு.

ஜூன் 1, வெள்ளி

தெருவோடு போனாள். எங்கள் வீட்டருகே வந்ததும் கூவுவதை நிறுத்தி, தாண்டிப் போய் மறுபடியும் கூவினாள். வீட்டில் இன்று கீரை.

அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளையைத் தோண்டி எடுத்துச் சுவரோரம் போட்டுவிடுவார்களோ என்ற பயமாக இருக்கும். அந்தப் பயத்தையும் நான்தான் கொடுத்தேன். தினமும் அவளுக்காகவும் அந்தப் பிள்ளைக்காகவும் வேண்டிக்கொள்கிறேன். முன்பெல்லாம் என்னைத் தண்டிக்காதே என்று மட்டுமே வேண்டுவேன். இப்போது அவளுக்கு என்று கேட்க வாய் வருகிறது.

செப்டம்பர் 11

காலையில் ஜெசிந்தாவின் புருஷன் மரியசூசை ஓடி வந்தான். "வேற யாரும் வாணாமாம். உன்னத்தான் இஸ்துகினு வரச் சொல்லுச்சு."

பையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினேன். குடிசைக்குள் நுழைந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"செம்புல தண்ணி கீதா பாரு."

"இருக்கு."

"பக்கத்துல வெச்சிக்கோ. இந்த தபா ஆச்சுன்னு வாயால சொல்லாத. ஊத்து. நான் பாத்துக்கினே இருப்பேன்."

"சரி."

இரண்டு வலிக்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள். "பெரியவன் எங்க கீறான்னு சாமிக்குத்தான் தெரியும். அவனுக்கு வேண்டிக்கினியா?"

"தினமும்."

"நானும்" என்றாள். அதற்குப்பின் பேச நேரமில்லை.

பெண் குழந்தை. கொடி எங்கும் சுற்றவில்லை. வெளியே வந்ததும் வீறிட்டது பார், மரியசூசை வாசலிலிருந்து "மாதாவே!" என்று கத்தினான். நான் ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் செம்புமாக உட்கார்ந்திருந்தேன். கண்ணீரில் எதிரே ஒன்றும் தெரியவில்லை.

"ஊத்தட்டுமா?" என்றேன்.

"இன்னாத்துக்கு? அதான் இந்தக் கத்து கத்துதே. ஞாயித்துக்கெழம கோயில்ல சாமியார் ஊத்துவாரு. நீ ஞானத்தாயா நின்னு தூக்கிப் புடி." பிறகு கையை நீட்டினாள். "அத்த இப்டி குடு. தொண்ட காயுது."

செம்பை வாங்கி மடமடவென்று குடித்தாள். காலிச் செம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.