மைப்பெட்டி

பன்வில
06.10.2024

என் பாசமுள்ள தங்கச்சி ராக்கம்மாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கும் அண்ணன் மூக்கையா எழுதுவது. இதை யாரும் எழுதித் தரவில்லை. நானேதான்! எழுபத்திரண்டு வயதில், கோயில் வகுப்பில் சர்மிளா டீச்சர் என் கையைப் பிடித்து எழுதப் பழக்கினார். இந்தப் பக்கத்துக்கு மூன்று நாள் பிடித்தது. போன வாரம் கண்டி பஸ்ஸின் பலகையை நானே வாசித்து ஏறினேன்.

நேற்று தோட்ட ஆபீசில் கிளாக்கர் பழக்கத்தில் கைநாட்டு வைக்க மைப்பெட்டியைத் தள்ளினார். "அது வேணாங்கய்யா, பேனா குடுங்க" என்றேன். அவர் கதிரையிலிருந்து எழுந்து பார்த்தார்.

உன் மகள் லோஜினி சுகமா? உன் முழங்கால் வலி எப்படி? ஆறு மாதமாக நீ வரவில்லை. எனக்குக் கோபம்தான். பதில் போடு, நானே வாசிப்பேன்.

உன் அண்ணன்,
மூக்கையா

ஹுன்னஸ்கிரிய
20.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து முதலில் அழுதேன், பிறகு சிரித்தேன். எழுத்தெல்லாம் கிழவன் மலையேறுகிற மாதிரி வளைந்து போகிறது. நான் பள்ளிக்கூடம் போகத்தானே நீ பத்து வயதில் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தாய்.

தேயிலைத் தூள் திருடியதாக என் வீட்டுக்காரரை, உன் மச்சானை, வேலையை விட்டு நிறுத்தினபோது, அந்தச் சாட்சிக் கடதாசியில் உன் கைநாட்டு இருக்கிறது என்று லயத்துச் சனமே உன்னைத் தூற்றியது. "எங்கண்ணனுக்கு எழுத்து தெரியாது. வைக்கச் சொன்ன எடத்துல வெச்சிட்டாரு" என்று நான்தான் எல்லார் வாயையும் அடைத்தேன். கலகெதரயில் மூட்டை தூக்கி, நெஞ்சு கெட்டுச் சாகும்போதும் அவர், "ஒங்கண்ணன் மேல கோவமில்ல புள்ள, பாவம் படிக்காத மனுசன்" என்றார்.

நத்தார் பண்டிகைக்கு வா. லோஜினி உனக்குக் கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறாள்.

உன் தங்கை,
ராக்கம்மா

பன்வில
10.11.2024

ராக்கம்மா,

உன் கடிதத்தை நானே வாசித்தேன். வாசிக்காமல் இருந்திருக்கலாம்.

பீடத்துக்கு முன்னால் காணிக்கையை விட்டுவிட்டு, மனத்தாங்கல் உள்ளவனிடம் போகச் சொல்லும் இடத்தை வேதத்தில் எழுத்துக் கூட்டி வாசித்தேன். பாதிரியார் வாசித்த காலமெல்லாம் அது காதோடு போனது. இப்போது என் விரலுக்குக் கீழேயே நிற்கிறது. மூன்று ஞாயிறாகத் திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை.

அன்று ஃபெக்டரியில் காவல் நான். தூங்கிவிட்டேன். ஒரு மூட்டை போய்விட்டது. யார் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. "நீயா, வேற யாரும் வந்தாங்களா?" என்று பழைய கிளாக்கர் கேட்டார். மச்சான் அந்தப் பக்கம் வந்தார் என்றேன். அவர் வரவில்லை. கிளாக்கர் தான் எழுதியதைத் தமிழில் இரண்டு முறை வாசித்துக் காட்டி, "வெளங்குதா?" என்றார். "வெளங்குது" என்று சொல்லித்தான் மைப்பெட்டியில் விரலை வைத்தேன்.

எழுத்துத் தெரியாதது என் குற்றமில்லை. ஆனால் பத்தொன்பது வருடம் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். நீயும் எனக்காக அதையே சொன்னாய், நான் சொல்ல விட்டேன்.

மன்னிக்கச் சொல்ல வாய் வரவில்லை.

மூக்கையா

பன்வில
22.12.2024

தங்கச்சி,

போன ஞாயிறு கோயிலில் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொன்னேன், மச்சான் திருடவில்லை என்று. பாதிரியார் தோளில் கை வைத்தார். மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

உனக்கு அனுப்பிய நத்தார் வாழ்த்து நேற்று ஆபீசுக்குத் திரும்பி வந்தது. பிரிக்கவே இல்லை. உறையின் மேல் உன் கையெழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. கிளாக்கர், "வாசிச்சுச் சொல்லவா தாத்தா?" என்றார்.

"வேணாங்கய்யா, எனக்கே வாசிக்கத் தெரியும்" என்றேன்.

'எனக்கு அண்ணன் இல்லை.'

ஒவ்வொரு எழுத்தாகத்தான் வாசித்தேன். பிழை இல்லை. பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் கேட்டார், போட்டேன்.

இதுவும் திரும்பி வரும். இருந்தாலும் எழுதுகிறேன். உன்னிடம் உண்மை சொல்ல வேண்டியது இன்னும் என் வேலைதான். முழங்காலுக்கு ஒத்தடம் கொடு. குளிர் கூடுது.

மூக்கையா