நீந்தத் தெரியாதவன் வாங்கிய பாய்ப்படகு

ஏப்ரல் 4, வெள்ளி. திருகோணமலை

இன்று காலை பாய்ப்படகொன்றை வாங்கினேன். எனக்கு நீந்தத் தெரியாது.

எழுதிப் பார்க்கும்போதுதான் இது எவ்வளவு பெரிய விசர் வேலை என்று தெரிகிறது. கொழும்பு வெள்ளவத்தையில் இருபது வருடமாகக் குளியலறைச் சாமான் விற்கிறேன். பைப், பேசின், கொமட். படகைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கொரோனாக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரன் இங்கே விட்டுவிட்டுப் போனது. எண்பது லட்சம். பாதி என்னுடையது, பாதி ஹமீடுடையது. ஹமீட் கொட்டாஞ்சேனையில் படகு எஞ்சின் உதிரிப்பாகம் விற்பவன், என் பழைய சிநேகிதன், இந்த யோசனைக்குத் தகப்பன்.

என் நாற்பது எங்கிருந்து வந்தது? கடைக் கட்டிடத்தை வாங்கச் சேர்த்த முற்பணம். கட்டிடச் சொந்தக்காரர் சவுந்தரநாயகம் ரொறன்ரோவிலிருந்து தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஏப்ரல் முடிவதற்குள் ஐம்பது லட்சம், இல்லாவிட்டால் வேறு ஆள். பத்துக் குறைகிறது. கொழும்புக்குப் பக்கத்தில் திக்கோவிட்ட துறைமுகத்தில் கொண்டுபோய்க் கட்டினால் ஒரு கோடியே இருபதுக்கு எடுப்பதாக மஷூர் சொன்னான். மாலைதீவு ஹோட்டல்காரருக்குப் படகு பிடித்துக் கொடுக்கிற தரகன். என் பங்கு அறுபது வரும். கணக்குச் சரி. கடல் மட்டும்தான் கணக்கில் இல்லை.

ஏப்ரல் 5

அட்டமி. என் மனுசி பத்மா போனில்: "இண்டைக்கு வெளிக்கிட்டியளெண்டா நான் கதைக்க மாட்டன்." நின்றோம்.

ஏப்ரல் 6

நவமி. படகோட்டி சுமன் கேட்டான்: "அண்ணை, நாளைக்குத் தசமி. அதுக்கும் ஏதும் இருக்கோ?" வெள்ளைக்காரரின் படகுகளில் ஓடித் தேர்ந்தவன். வாய் மட்டும் நீளம்.

ஏப்ரல் 7, திங்கள்

வெளிக்கிட்டோம். கோணேசரைக் கடலிலிருந்தே கும்பிட்டேன். கும்பிட்ட கை இறங்க முன்னம் சத்தி வந்தது, கடலுக்குள்ளேயே எடுத்தேன்.

நான் ஏன் ஏறினேன்? என் காசு தண்ணீரில் மிதக்கிறது. கரையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. ஹமீட் முதுகைத் தடவிக்கொண்டே சிரிக்கிறான்: "எல்லாத்தையும் கடல்ல போட்டுட்டா கொழும்புக்கு என்னத்தக் கொண்டு போற மச்சான்?"

ஏப்ரல் 8. வாழைச்சேனை

படுக்கைக்குக் கீழே தண்ணீர். உள்ளே சேர்கிற தண்ணீரை வெளியே தள்ளுகிற குழாய் வெடித்துவிட்டது. சுமனும் ஹமீடும் ஆளுக்காள் முகத்தைப் பார்த்தார்கள். என் பையில் கடைச் சாமான் கொஞ்சம் கிடந்தது. பேசின் வேஸ்ட் பைப் ஒரு துண்டு, இரண்டு கிளிப். முட்டுக்காலில் இருந்து மாட்டினேன். சொட்டு ஒழுகவில்லை. கக்கூஸ் பம்பையும் அப்படியே திருத்தினேன். வெள்ளைக்காரன் எப்படித்தான் இதோடு சீவித்தானோ.

அது எனக்கு வந்த வேலை. எஞ்சினுக்குக் கடல்தண்ணீர் இழுக்கிற பம்ப் ஹமீடின் வேலை. உள்ளே இருக்கிற றப்பர்ச் சில்லு தேய்ந்து போயிருக்கிறது. கொட்டாஞ்சேனையில் அவன் கடையில் அது பெட்டி பெட்டியாய் இருக்கிறது. ஒன்று கொண்டுவந்தானா? "கடைல ஈக்கிது மச்சான்." கடையில் இருக்கிறதாம்!

ஏப்ரல் 10. பொத்துவில்

இரவு அடித்த மழைக்காற்றில் பெரிய பாய் கிழிந்துவிட்டது. பள்ளிக்கூடச் சட்டை தைக்கிற றலியா என்ற பெண்ணின் வீட்டுக்குச் சுருட்டிக்கொண்டு போனோம். முற்றம் முழுக்க விரித்ததும் இடுப்பில் கைவைத்தபடி ஹமீடை அண்ணன் முறை வைத்துக் கேட்டா: "இந்தச் சட்ட ஆருக்குக் காக்கா? ஆள் வந்தாத்தானே அளவெடுக்கலாம்."

ஊசி மூன்று உடைந்தது. மூன்றுக்கும் காசு வாங்கிவிட்டா. தையல் நல்ல தையல், சொல்ல வேண்டும். என்றாலும் ஊசிக்குமா?

ஏப்ரல் 12, சனி. கிரிந்த

உயிரோடு இருக்கிறேன். ஐந்து லட்சம் போகப்போகிறது. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் கொஞ்சம் ஆறுகிறது.

இந்தப் பக்கம் கடலுக்குள்ளேயே வெளிச்சவீடு கட்டிவைத்த பாறைத்தொடர் இருக்கிறது. அதைத் தள்ளி வெளியால் போனோம். உச்சிப் பொழுதில் காற்றுச் செத்தது. எஞ்சினைப் போட்டோம். பம்ப் தண்ணீர் இழுக்கவில்லை, புகை வந்தது, நிறுத்தினோம். நீரோட்டத்துக்கு மட்டும் ஓய்வில்லை. அது எங்களைப் பாறைப்பக்கம் கொண்டுபோய்க்கொண்டே இருந்தது. அலை உடைகிற வெள்ளை எனக்கே தெரிந்தது. பிறகு சத்தமும் கேட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு பலநாள் மீன்பிடிப் படகு, வருசப்பிறப்புக்காகக் கரை திரும்பிக்கொண்டிருந்தது. சுமன் சட்டையைக் கழற்றி வீசினான். கிட்ட வந்தார்கள். படகுக்காரர் தர்மசிறி, கயிற்றில் கட்டிய மூக்குக்கண்ணாடி போட்டவர், சிங்களத்தில் சொன்னார்: கட்டி இழுக்க ஐந்து லட்சம்.

நான் இரண்டு என்றேன்.

என்ன செய்ய? வாய் தானாகச் சொன்னது. அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். விலை படியாவிட்டால் கடையை விட்டு இறங்கி நாலு எட்டு நடக்க வேண்டும், கடைக்காரன் தானாகக் கூப்பிடுவான். நான் படித்த வியாபாரம் அதுதான். எஞ்சின் செத்த படகிலிருந்து எங்கே இறங்கி நடக்கிறது? இரண்டரை என்றேன்.

சுமன்: "பேசுங்கோ அண்ணை, ஆறுதலாப் பேசுங்கோ. பாறையில அடிச்சாப்பிறகு படகின்ர விலையும் இறங்கிவிடும்."

ஹமீட் என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினான். "பைத்தியமா ஒனக்கு? கல்லு பல்லக் காட்டிட்டு ஈக்கிது, நீ பேரம் பேசுற!" வெளியே திரும்பிக் கத்தினான்: "ஹரி அய்யே, ஹரி! பஹாய்!" சரி, ஐந்து. கயிறு வந்து விழுந்தது.

ஹமீடோடு நான் கதைக்கவில்லை. என்னை விட்டிருந்தால் மூன்றுக்கு முடித்திருப்பேன்.

முடித்திருப்பேனா?

ஏப்ரல் 13

திஸ்ஸமகாராம வரை ஓட்டோவில் போய் வந்தேன். உதிரிப்பாகக் கடை, லேத் பட்டறை எல்லாம் பூட்டு. புத்தாண்டு. வேலைக்குப் புறப்படச் சிங்களச் சாத்திரம் சொல்கிற நல்ல நேரம் வியாழன்தானாம், அதுவரை ஒருவரும் திறக்க மாட்டார்களாம். இதை எப்படி மறந்தேன்? "வருசம் கழிய வாங்கோ" என்று என் கடைக் கதவில் நானே எழுதி ஒட்டுகிறவன்.

மஷூர் செய்தி போட்டிருக்கிறான்: இருபத்தைந்தாம் திகதிக்குப் பிறகு இங்கே இல்லையாம், மாலைதீவின் மாலேக்குப் போய்விடுவானாம். வியாழன் வரை இங்கே கிடந்து, அதற்குப் பிறகு பம்ப் தேடினால் அவனும் இல்லை, கடையும் இல்லை.

ஹமீடும் நானும் சுமன் ஊடாகத்தான் கதை. "சுமன், ஒங்கட மொதலாளிக்கு டீ வேணுமாண்டு கேளுங்க." "சுமன், வேண்டாமெண்டு சொல்லு." பிறகு ஆறின தேத்தண்ணியைக் குடித்தேன்.

ஏப்ரல் 14, திங்கள். புத்தாண்டு

காலையில் தர்மசிறி துறைமுகத்துக்கு வந்து மூன்று பேரையும் வீட்டுக்கு அழைத்துப் போனார். காசுக்காகத்தான் அழைக்கிறார் என்று எனக்குத் தெரியும். நானும் ஒரு கணக்கோடுதான் போனேன். கரையில் நிற்கிறேன், கயிறு கழன்றாயிற்று, இனி மூன்றரைக்கு மேல் ஒரு சதம் கொடுப்பதில்லை.

வீட்டில் விளக்கு, பாற்சோறு, கவும் என்கிற எண்ணெய்ப் பலகாரம். சுபநேரம் வந்ததும் அவர் மனுசி வெற்றிலை கொண்டுவந்தா. தர்மசிறி அதற்குள் புது நூறு ரூபாத் தாளை வைத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். வருசத்தின் முதல் கொடுக்கல் வாங்கல். அவர் கொடுத்தாயிற்று. இனி நான் கொடுக்க வேண்டும்.

என் வாய் பூட்டிக்கொண்டது. என் கடையில் வருசத்தின் முதல் கைமாற்றத்தில் பேரம் இல்லை. நட்டமென்றாலும் இல்லை. இது நானே வைத்த சட்டம், ஒரு வருடமும் தவறவில்லை. பாழ்பட்ட சட்டம்! கையில் இருந்ததைத் திரட்டினேன், குறையை ஹமீட் போட்டான். முழு ஐந்து லட்சம், வெற்றிலையின் மேல்.

தர்மசிறி எண்ணவில்லை. எழுந்து சாவிப் பையை எடுத்தார். வியாழன் வேலைக்குப் புறப்படுகிற நேரமாம். வேலையைத் தொட்டுவைக்கிற நேரம் இதுதானாம். யாருடைய வேலை என்று சாத்திரத்தில் இல்லையே என்றார். தன் படகு வாரம் முழுக்கச் சும்மா நிற்கும், அதன் பம்ப் பெரிசென்றாலும் தட்டிக்கொட்டிப் பொருத்தலாம். பொருத்தினார். ஹமீட் கைகொடுத்தான், நான் குழாயை மாட்டினேன். தண்ணீர் இழுத்தது.

எவ்வளவு என்று கேட்டேன்.

"நான் விலை சொன்னால் நீங்கள் பேசத் தொடங்குவீர்கள் முதலாளி. எனக்கு அலுப்பு. கொழும்பு போனதும் புதுப் பம்ப் ஒன்று அனுப்புங்கள்."

ஹமீட் விழுந்து விழுந்து சிரித்தான். "பாலா, ஒன்ட வாய்க்குப் பூட்டு ஈக்கிதெண்டு எனக்கு இத்தின காலமும் தெரியாமப் பெய்த்தே! இந்தா, கவும் தின்னு." தின்றேன். ஐந்து லட்சத்துக் கவும்.

ஏப்ரல் 17

தெவுந்தர முனை. விடியற்காலையில் மாடிவீடு மாதிரிக் கப்பல்கள் வரிசையாய்ப் போகின்றன. சுக்கான் என் கையில். சுமனுக்கு நித்திரை. எழுப்ப வேண்டிய நேரம் வந்தது. எழுப்பவில்லை.

ஏப்ரல் 18

காலிக்குக் கிட்ட முன்பாயின் கயிறு அறுந்தது. இந்தப் படகில் அறாதது என்ன இருக்கிறது? முடிச்சை நான் போட்டேன். சுமன் இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டுப் போனான். நேற்று வரைக்கும் அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டுகிறவன்.

ஏப்ரல் 21, திங்கள். வெள்ளவத்தை

படகு திக்கோவிட்டவில். பத்மா என்னைக் கண்டதும்: "கரிக்கட்டை மாதிரி வந்து நிக்கிறியள். இனி இந்த வீட்டில படகெண்ட சொல்லு வேண்டாம்." ஓம் என்றேன். கட்டில் ஆடவில்லை. நித்திரை வரவில்லை.

ஏப்ரல் 23

மஷூர் படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பாயில் தையல், எஞ்சினில் வேறு பம்ப், சுவரில் ஈரம். ஒரு கோடிக்கு இறங்கினான். என் பங்கு ஐம்பது, வழிச் செலவு போனால் கடை கைவிட்டுப் போகும். அவனுக்கு அது தெரியாது. தெரியவும் விடவில்லை.

கால் தரையில் இருந்தது. எழுந்து நடந்தேன். இறங்குதுறை முடிகிற இடத்தில் கூப்பிட்டான்.

ஏப்ரல் 25, வெள்ளி

ஹமீட் கிரிந்தவுக்குப் புதுப் பம்ப் அனுப்பிவிட்டான். தன் கடையில் உள்ளதிலேயே நல்லது. சவுந்தரநாயகத்தின் கணக்கில் ஐம்பது லட்சம் போட்டாயிற்று. ரசீது வந்தது. பத்மா அதைச் சுவாமித் தட்டில் வைத்தா. மற்றதை அவவுக்கு இன்னும் சொல்லவில்லை.

மஷூருடன் எழுதிய ஒப்பந்தம்: படகு ஒரு கோடியே பன்னிரண்டு லட்சம், முழுக் காசும் வாங்கியாயிற்று. தென்மேற்குக் காற்றுப் பிடிக்க முன்னம் மாலேயில் கொண்டுபோய் ஒப்படைத்தால் மேலும் பத்து லட்சம். வழியில் உடைகிறது எங்கள் செலவு. போகிறவர்கள் மூன்று பேர்: சுமன், ஹமீட், பாலசுந்தரம். இரண்டு பேர் போதும் என்றுதான் மஷூர் எழுதியிருந்தான். மூன்றாவது பெயரை நான் சேர்த்தேன்.