பெயர் எழுதாத இரண்டு இசைத்தட்டுகள்

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

மணிக்கட்டு எப்படி இருக்கிறது? கட்டுப் பிரிக்கும்வரை பாத்திரம்கூடத் தொடாதே. மாப்பிள்ளை தேய்க்கட்டும், கை ஒன்றும் தேய்ந்துவிடாது. என் வயலினுக்கு அக்கா மாதிரி இருக்கும் உன் வயோலா பெட்டியிலேயே தூங்கட்டும்.

இத்துடன் இரண்டு இசைத்தட்டுகள். நம் நால்வர் குழு வாசித்த அதே படைப்பு, இரண்டு பதிவுகள். ஒன்றுதான் வெளிவரும். நம் வழக்கப்படி உறையில் பெயரோ தேதியோ இல்லை. ஒன்றில் ஒரு புள்ளி, மற்றதில் இரண்டு. தெரியாமல் கேட்டால்தான் நியாயமாகத் தேர்ந்தெடுக்க முடியும் என்று இந்த விதியைக் கொண்டுவந்தவளே நீதானே! குழுவில் செல்லோ வாசிப்பவரும் இரண்டாம் வயலின்காரரும், "உங்க தங்கச்சி காது சொல்றதுதான் முடிவு" என்று விட்டுவிட்டார்கள். சீக்கிரம் எழுது.

உன் அண்ணன்

மார்ச் 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

கட்டுப் பிரித்தாயிற்று. மே மாதம் வாசிக்கலாம் என்கிறார் மருத்துவர். அதுவரை என் இடத்தைப் பார்த்துக்கொள். உன்னிடம் இதைச் சொல்லவே வேண்டியதில்லை.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆறு தடவை கேட்டேன். இரண்டு புள்ளிதான், சந்தேகமே இல்லை. ஒரு புள்ளியில், அந்த மெதுவான பகுதியில், வயோலா பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் மாதிரி உன் வயலின் பின்னால் ஓடிவருகிறது. பதிவு செய்த அன்று காலை எனக்கு மணிக்கட்டில் நல்ல வலி. இரண்டு புள்ளியில் அதே இடத்தில் நிதானமாக நின்று உன்னை வரவழைக்கிறது. அன்று மத்தியானம் மறுபடி பதிவு செய்தோமே, அதுதானே இது? மாத்திரை வேலை செய்திருக்கிறது! நானா இப்படி வாசித்தேன் என்று இவரைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். "உன்னை நீயே மெச்சிக்கிறியா?" என்றார். ஆமாம் என்றேன். கண்கூடக் கலங்கிவிட்டது, அண்ணா.

உன் தங்கை

மார்ச் 20

அன்புள்ள தங்கைக்கு,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். ஒரு புள்ளியில் இருப்பதுதான் நீ. மத்தியானப் பதிவு சரியாக வரவில்லை, அழித்துவிட்டோம். இரண்டு புள்ளியில் வயோலா வாசித்தது இசைப்பள்ளி ஆசிரியை ஒருவர். உனக்கு அறுவை சிகிச்சை நடந்த வாரமே எங்களோடு சேர்ந்துவிட்டார். இனியும் அவரே வாசிக்கட்டும் என்று மூன்று பேரும் அப்போதே முடிவு செய்துவிட்டோம்.

உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் காதே சொல்லிவிட்டால் உனக்கு வருத்தம் இருக்காது என்று நினைத்தேன். உன் கடிதத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். முறைப்படிதானே முடிவாயிற்று? கோபித்துக்கொள்ளாதே.

அண்ணன்

மார்ச் 27

அண்ணாவுக்கு,

என் தேர்வை மாற்றவில்லை. இன்றும் கேட்டேன், இரண்டு புள்ளிதான் நல்லது. அந்த ஆசிரியை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நன்றாக வாசிக்கிறார் என்று சொல்.

கேட்கிற நான்கு பேருக்குமே தெரியக்கூடாது என்பதுதான் நம் விதி. இந்த முறை உங்கள் மூவருக்கும் தெரியும். கண்ணைக் கட்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான். "இனிமே நீ வேணாம்மா" என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஒரு வாரம் அழுதிருப்பேன், பிறகு வழக்கம்போல உன் வீட்டுக்குச் சாப்பிட வந்திருப்பேன். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். நீ என்னை நம்பவைத்து, என் கையாலேயே அறுக்கவைத்தாய்.

மே மாதம் உன் வீட்டுக்கும் நான் வரவில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கண் கலங்கியது என்று எழுதினேனே, நீ அவர்கள் முன்னால் வாசித்துக் காட்டிய கடிதம், அதைத் திருப்பி அனுப்பிவிடு. அதை என் அண்ணனுக்கு என்று நினைத்து எழுதினேன்.