இரண்டாவது வண்டியை யார் ஓட்டுவது

அன்பு மகன் மனூசோசுக்கு உன் அம்மா ஆயிரம் முத்தங்களோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆடுகளும் சுகம், அந்தக் குளிர் ஊரில் நீயும் காய்ச்சல் தலைவலி அண்டாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். சுகம் என்று எழுதக் கை பழகிவிட்டது, எழுதிவிட்டேன், ஆனால் கொஞ்ச நாளாக நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிட்டதுமே அப்பா அதை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்துவிடுகிறார், அப்புறம் தக்காளி விலையைத் தவிர நான் எதைப் பேசுவது? அதனால்தான் இந்தக் காகிதம். ரொட்டி வண்டிக்காரரிடம் கொடுத்து டவுனில் தபாலில் போடச் சொல்லப்போகிறேன். படித்துவிட்டு இதைப் பற்றிப் போனில் மூச்சு விடாதே.

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பக்கத்து வீட்டுப் பெண் காகிதத்தில் எடுத்துக் கொடுத்தாள். அப்பா அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார். விமானத்தில் ஹானியாவில் இறங்கி, ஸ்ஃபாக்கியா மலை இறக்கம் வழியாகத் தெற்குக் கடலுக்குப் போய், கிழக்கே சித்தியா வரை நம் தீவைச் சுற்றி, வடக்குச் சாலையில் திரும்புவது, இரண்டு வாரம், ஒன்பது பேர், இரண்டு வண்டி. எல்லாம் சரிதான். உன் சிநேகிதர்கள் ஒருவருக்கும் கியர் வண்டி பழக்கமில்லை, ஒரு வண்டியை நான் ஓட்டுகிறேன், இன்னொன்றை நீங்கள் ஓட்டுங்கள் அப்பா என்று நீ சொன்னாயே, அன்றிலிருந்து உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் ஓட்டுகிற வேலையிலிருந்து ஓய்வு வாங்கிய பிறகு அவர் எப்படி நாற்காலியோடு நாற்காலியாகக் கிடந்தார் என்று நீ பார்த்ததில்லை. இப்போது தினம் சவரம், தினம் பழைய நீலச் சட்டைக்கு இஸ்திரி. காப்பிக் கடையில் போய், "ஐரோப்பாவே என் வண்டியிலதான் ஏறப்போகுது, எம் மகன் வேற யாரையும் நம்ப மாட்டேன்னுட்டான்" என்று ஒரே பெருமை. கடைக்காரன் வாங்கேலிஸ் சும்மா இருப்பானா, "ஸ்ட்ராத்தி மாமா, எனக்கு டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறான். "உனக்கு மட்டும் ரெண்டு மடங்கு, நீ உக்காந்தா ரெண்டு சீட்டு போயிடும்டா" என்றாராம். அவர் வாயில் இப்படி ஒரு பேச்சு வந்து எத்தனை காலம் ஆயிற்று! அதை நினைத்தால்தான் இதை எழுதவே எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது.

அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை மனூசோ. கொஞ்ச நாளாகவே எனக்குச் சந்தேகம். ராக்கிச் சாராயத்தைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறார், கேட்டால் கோப்பை ஆடுகிறது என்கிறார். பாதிரியார் மனைவியைக் கல்யோப்பி அத்தை என்று நினைத்து, "என்ன கல்யோப்பி, கோழியெல்லாம் முட்டை போடுதா?" என்று நடுத்தெருவில் விசாரிக்கிறார். செய்தித்தாளில் இப்போதெல்லாம் எழுத்தைச் சின்னதாக அச்சடிக்கிறார்களாம். ஹானியாவுக்குப் போய்க் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு வருவோம் என்று நல்ல வார்த்தையாகத்தான் சொன்னேன், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "அவன் கண்ணைப் பாக்க மாட்டான்டி, என் லைசென்சைத்தான் பாப்பான்" என்று கத்தினார். அப்படியானால் அவருக்கே தெரியும் என்றுதானே அர்த்தம்?

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், ஸ்ஃபாக்கியா இறக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவோம், மழைக்குப் பிறகு சாலை எப்படி இருக்கிறதோ என்று வண்டியை எடுத்தார். நானும் தொற்றிக்கொண்டேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், கியர் மாற்றுவதும் வளைவுக்கு வளைவு ஹாரன் கொடுப்பதும் அதே பழைய அப்பாதான், எனக்கே கொஞ்சம் நெஞ்சு அடங்கியது. உனக்குத் தெரியும், செத்தவர்களுக்காகச் சாலையோரம் வைக்கும் விளக்குக் கூண்டு எதைக் கடந்தாலும் அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்ளாமல் போகமாட்டார், பஸ் நிறைய ஆள் இருந்தாலும் சரி. அன்றும் போட்டுக்கொண்டே வந்தார். அப்பாவின் சிநேகிதர் அந்தோனி விழுந்து செத்த ஒலிவ மரத்து வளைவு வந்தது, கையை எடுத்து மூன்று தடவை சிலுவை போட்டு, "அந்தோனி, நல்லாத் தூங்குப்பா" என்று எப்போதும் சொல்வது போலச் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன். அங்கே கூண்டு இல்லை மகனே. மாசியில் பாறை சரிந்தபோது அந்தோனியின் கூண்டு காலோடு பெயர்ந்து பள்ளத்தில் போய்விட்டது, இப்போது அங்கே வெறும் கம்பிவலைதான். அதற்கு இரண்டு வளைவு கீழே, மோட்டார் சைக்கிளில் போன பையனுக்காக ஈஸ்டர் முடிந்து புதிதாக ஒன்று வைத்திருக்கிறார்கள், சுண்ணாம்பு வெள்ளை, சிவப்புப் பூ, வெயிலில் கண்ணைப் பறிக்கிறது. அதைத் தாண்டும்போது அவர் கை ஸ்டியரிங்கை விட்டு எழவேயில்லை. அவர் கூண்டைப் பார்த்துச் சிலுவை போடவில்லை, ஞாபகத்தைப் பார்த்துப் போடுகிறார். அந்தச் சாலையை அவர் கரைத்துக் குடித்தவர், சாலை அவருக்குத் துரோகம் செய்யாது. ஆடு செய்யுமே. அடுத்த வளைவிலேயே ஓர் ஆடு சாலையில் நின்றது, நான் அலறிய அலறலில்தான் பிரேக் போட்டார். "பாத்துட்டேன், பாத்துட்டேன், எதுக்கு இந்தக் கூப்பாடு?" என்றார். அவர் முகம் கடல் பக்கம் இருந்தது, ஆடு மலைப் பக்கம் இருந்தது.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நீ ஒருவன் என்றால் என் பிள்ளை, என் பாடு. அந்த எட்டுப் பேருக்கும் எங்கெங்கோ எட்டு அம்மாக்கள் இருக்கிறார்களே, நல்ல மனிதர் ஓட்டுகிறார், உள்ளூர்க்காரர் என்று நிம்மதியாக அனுப்புவார்களே. வாடகை வண்டிக்கு வயசுக் கட்டுப்பாடு இருக்கிறது என்று உன்னை ஒரு பொய் சொல்லச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் இந்த மனிதர் கால்பந்துக் குழுவின் வேனைப் பேசி முடித்துவிட்டார். சாவியை ஒளித்துவைத்தால் ஊரைக் கூட்டிவிடுவார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் நான் எதைச் சொல்லி எடுபடும்?

இதற்கு நடுவில் உனக்குச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், மறந்துபோகும். வடக்குச் சாலையில் உன் பாட்டுக்கு நடுவில் போய்க்கொண்டிருக்காதே, பின்னால் வண்டி வந்தால் ஓரக் கோட்டின் மேல் ஏறி வழி விடு, இங்கே எல்லோரும் அப்படித்தான், நீ மறந்திருப்பாய். எதிரே வருகிறவன் விளக்கைச் சிமிட்டினால் உன் ஊர் மாதிரி 'நீ போ' என்று அர்த்தமில்லை, 'நான் வந்துகொண்டிருக்கிறேன், நில்' என்று அர்த்தம், இதை உன் சிநேகிதர்களுக்கு முதலில் சொல். நிறுத்துகிற இடமெல்லாம் ராக்கி நீட்டுவார்கள், ஓட்டுகிறவர் நெஞ்சில் கை வைத்து உதட்டை மட்டும் நனைத்தால் போதும், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். உங்களில் இரண்டு பேர் இறைச்சி சாப்பிடமாட்டார்கள் என்று கல்யோப்பி அத்தையிடம் சொன்னேன், "ஐயோ பாவம், என்ன வியாதியாம்?" என்று கேட்டாள். ஊரிலிருந்து புறப்படுமுன் எல்லோரையும் ஒரு கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளச் சொல்.

நான் கேட்பது ஒன்றுதான். அப்பாவை வரவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே, சொன்னால் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார், பிறகு எழுப்ப என்னால் ஆகாது. இன்னும் ஒரு மாசத்துக்கு மேல் இருக்கிறது. லின்னேயா என்று ஒரு பெண், தைரியசாலி என்றாயே, அவளை அங்கேயே கியர் வண்டி பழகச் சொல். பிறகு நீ அப்பாவிடம், அவளுக்கு நம் மலையில் ஓட்ட ஆசையாக இருக்கிறது, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அவளுக்குத் தைரியம் என்று சொல். ஒரு பெண் பிள்ளை கேட்டாள் என்றால் அவர் மறுக்கமாட்டார், முன் சீட்டில் மந்திரி மாதிரி உட்கார்ந்து வருவார்.

இந்த இடத்தில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அப்பா தோட்டத்திலிருந்து வந்து, "யாருக்கு, பயலுக்கா? எழுந்திரு, நானும் ரெண்டு வரி போடறேன்" என்று என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காகிதத்தைப் பிடுங்கினால் சந்தேகப்படுவார், பிடுங்காவிட்டால் படித்துவிடுவார். அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு மாதாவே மாதாவே என்றேன். ஜன்னல் திறந்திருந்தது, பட்டப்பகல். மூக்கு காகிதத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, சட்டைப்பையிலிருந்த அந்தத் தடித்த கறுப்புப் பேனாவால் அழுத்தி அழுத்தி எழுதினார். எழுதி முடித்து, "வரி நேராத்தானே வந்திருக்கு?" என்று கேட்டார். எட்டிப் பார்த்தேன். கீழே பாதிக் காகிதம் வெறுமையாகக் கிடக்க, மேலே நான் எழுதியதன் மேலேயே எழுதியிருக்கிறார். "நேராத்தான் இருக்கு" என்றேன். திருப்தியாக ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

வேறு காகிதத்தில் திருப்பி எழுதலாம், எழுதப்போவதில்லை, இதையே அனுப்புகிறேன். அந்த இடத்தில் உனக்கு எதுவும் படிக்க வராது. அடியில் இருப்பது நான், லின்னேயாவைக் கியர் பழகச் சொல் என்று. மேலே கறுப்பில் இருப்பது அப்பா. "மகனே, எதுக்கும் பயப்படாதே, எல்லாரையும் பத்திரமா நான் கொண்டுபோறேன்" என்று.

நல்லபடி இரு, வேளைக்குச் சாப்பிடு, நீ போகிற சாலையெல்லாம் மாதா உனக்கு முன்னால் போகட்டும். கடிதம் கிடைத்ததும் போன் செய்து தக்காளி விலை என்ன என்று கேள், நான் புரிந்துகொள்வேன்.

உன் வரவை எண்ணி,
அம்மா அர்கிரோ
(அப்பாவின் கையெழுத்து மேலே, என் வரிகளின் மேல்)